வாகனப் பரிசோதகர்: லொறியை மறித்தவரா, காப்பாற்றியவரா?

நானுஓயாவில் மரக்கறி வாங்கிக் கொழும்புக்கு அனுப்பும் வியாபாரத்தில் முப்பது வருடங்களாக இருக்கின்றேன். கரட், லீக்ஸ், கோவா, பீட்ரூட் என்று லொறியில் ஏற்றிவிட்டால் மனதில் ஒரே கணக்குத்தான். விடியுமுன் சந்தையில் இறக்க வேண்டும். வழியில் யார் மறித்தாலும் எரிச்சல் வரும். நாம் அப்படி எரிச்சலோடு பார்க்கும் ஓர் உத்தியோகத்தைப் பற்றியே இவ்வாரம் எழுதுகின்றேன். மோட்டார் வாகனப் பரிசோதகர் என்பவர் யார், அவர் எதைப் பார்க்கிறார், அவரால் வியாபாரிக்கு நட்டமா இலாபமா?

யார் எதைப் பார்ப்பவர்?

வீதியில் நம்மை நிறுத்துபவர்கள் எல்லோரையும் நாம் ஒரே ஆளாக நினைத்துவிடுகிறோம். பஸ்ஸில் ஏறி டிக்கட் பார்ப்பவர் ஒருவர். பஸ்ஸுக்கு வீதி அனுமதிப்பத்திரம் இருக்கிறதா, நேரப்படி ஓடுகிறதா என்று பார்ப்பவர் வேறொருவர். மாகாணத்துக்குள் ஓடும் தனியார் பஸ்களை மாகாணப் போக்குவரத்து அதிகார சபையும், மாகாணம் தாண்டி ஓடுபவற்றை 1991ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசியப் போக்குவரத்து ஆணைக்குழுவும் கவனிக்கின்றன. வேகத்தையும் சாரதியின் அனுமதிப்பத்திரத்தையும் பொலிஸார் பார்க்கின்றனர்.

மோட்டார் வாகனப் பரிசோதகர் இவர்களில் சேராதவர். அவர் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தைச் சேர்ந்த தொழில்நுட்ப உத்தியோகத்தர். 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டமே அவரது வேலைக்கு அடிப்படை. சாரதி அனுமதிப்பத்திரத்துக்கான ஓட்டப் பரீட்சையில் பக்கத்தில் இருந்து பார்ப்பவர் அவர். வாகனத்தின் உடலமைப்பை மாற்றினால் வந்து பார்ப்பவரும் அவரே. பொலிஸாருடன் சேர்ந்து வீதியில் நின்றும் சோதிப்பார். விபத்து நடந்தால் பொலிஸார் அவரை அழைப்பர். பிரேக் ஏற்கெனவே பழுதாக இருந்ததா, மோதியதில் உடைந்ததா என்று அவர் எழுதும் அறிக்கை நீதிமன்றம் வரை போகும். குற்றம் சாரதியுடையதா, பழுதைத் திருத்தாத முதலாளியுடையதா என்ற கேள்விக்கு அந்த அறிக்கை பெரிய சாட்சி.

என் கதை

பல வருடங்களுக்கு முன்பு தலவாக்கலைக்கு இறங்கும் வழியில் என் லொறியை மறித்துவிட்டார்கள் என்று செய்தி வந்தது. ஓடிப்போனேன். கையில் தகுதிச் சான்றிதழ் இருந்தது. எடுத்து இரண்டு கிழமைதான். அதை நீட்டிக்கொண்டு சத்தமாகவே பேசினேன். பரிசோதகர் கோபிக்கவில்லை.

“நானா, தாளைக் காட்ட வேண்டாம். இங்கே குனிந்து பாருங்க” என்றார்.

குனிந்தேன். பின் சில்லின் உட்பக்கம் பிரேக் ஒயில் கசிந்து நனைந்திருந்தது. பிறகு கழற்றிப் பார்த்தபோது லைனர் தேய்ந்து றிவெட் தெரிந்தது. அந்த லொறி ஒரு நாளும் கராஜுக்குள் போய்ச் சான்றிதழ் எடுக்கவில்லை. நான்தான் ஒரு பையனிடம் பத்திரங்களையும் பணத்தையும் கொடுத்தனுப்பி வேலையை முடித்திருந்தேன். கராஜ்காரரைக் குறை சொல்லி என்ன பயன்? அந்த வழியைக் கேட்டவன் நான்.

சாமானை வேறு லொறிக்கு மாற்றினேன். இரட்டிப்பு வாடகை. சந்தைக்குப் பிந்திப் போனதால் பாதி விலை. அன்று இரவு என் சாரதி சொன்னதுதான் நட்டத்தை விடப் பெரிதாக வலித்தது.

“முதலாளி, ரெண்டு கிழமையா பிரேக்க பம்ப் பண்ணிப் பண்ணித்தான் ஓட்டினேன். சொன்னா லொறிய நிப்பாட்டிப் போடுவீங்க. எனக்குச் சம்பளம் இல்லாமப் போகும். அதான் சொல்லல்ல.”

ஓடிய நாளுக்கு மட்டும் சம்பளம் என்பது நான் போட்ட சட்டம். அந்தச் சட்டம் நான்கு பிள்ளைகளின் தகப்பன் ஒருவரைப் பிரேக் இல்லாத லொறியில் மலையிறக்கியிருக்கிறது. அந்தக் கிழமையே அதை மாற்றினேன். லொறி கராஜில் நிற்கும் நாளுக்கும் இப்போது சம்பளம் உண்டு.

மலையில் பிரேக் ஏன் தோற்கிறது?

நானுஓயா 1,600 மீற்றருக்கு மேல் இருக்கிறது. தலவாக்கலை சுமார் 1,200 மீற்றர். சாமானோடு 8 தொன் நிறையுள்ள லொறி ஒன்று 100 மீற்றர் உயரம் இறங்கும்போது, பிரேக்கினால் மட்டுமே அதைப் பிடித்தால் உண்டாகும் சூடு, சுமார் 23 லீற்றர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். தலவாக்கலைக்கு இறங்கி முடிக்கையில் 90 லீற்றருக்கு மேல். இவ்வளவு சூடும் நான்கு சில்லுகளின் ட்ரம்முக்குள் ஏறினால் லைனருக்குப் பிடி குறையும். பிரேக் ஒயில் பழையதாகி அதில் ஈரம் சேர்ந்திருந்தால் சீக்கிரம் கொதித்துக் குமிழி விடும். அப்போது பெடலை மிதித்தால் கால் அடிவரை போகும், வண்டி நிற்காது.

ஆகவேதான் எந்தக் கியரில் ஏறுவோமோ அதே கியரில் இறங்க வேண்டும் என்று பழைய சாரதிகள் சொல்வார்கள். பாரத்தை எஞ்சின் பிடிக்க வேண்டும், பிரேக் துணைக்குத்தான். பரிசோதகர் லைனர், ட்ரம், குழாய்க் கசிவு, காற்றுப் பிரேக்கானால் காற்றின் அழுத்தம், ஸ்டியரிங் ஆட்டம், டயரின் பூ, ஸ்பிரிங் தட்டு, கைப்பிரேக் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்ப்பதும் இதற்காகவே.

2023 ஜனவரி 20ஆம் திகதி மாலை நானுஓயா ரதெல்லையில் நடந்ததை இப்பகுதியில் யாரும் மறக்கவில்லை. கொழும்பு தேர்ஸ்டன் கல்லூரி மாணவர்கள் சுற்றுலா வந்த பஸ், குறுக்குப் பாதையில் இறங்கும்போது ஒரு வேனுடனும் முச்சக்கரவண்டியுடனும் மோதியது. அவற்றில் இருந்த 7 பேர் உயிரிழந்தனர். பிரேக் பிடிக்கவில்லை என்றே அன்று பேசப்பட்டது. 2025 மே 11இல் கொத்மலை கரண்டி எல்லையில் பஸ் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். எல்லா விபத்துக்கும் இயந்திரம் காரணமல்ல. வீதியும் தூக்கமின்மையும் வேகமும் சேரும். ஆனால் இயந்திரக் கோளாறு ஒன்றைத்தான் வண்டி புறப்படுமுன் ஆள் குனிந்து பார்த்துத் தடுக்க முடியும்.

வியாபாரி செய்ய வேண்டியது

லொறிக்கும் பஸ்ஸுக்கும் வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கும்போது காப்புறுதி, புகைப் பரிசோதனைச் சான்றிதழ் இவற்றோடு தகுதிச் சான்றிதழும் கேட்பார்கள். திணைக்களம் அங்கீகரித்த கராஜில் அதைப் பெற வேண்டும். தாளை வாங்க ஆளை அனுப்பாமல் வண்டியை அனுப்புங்கள். முடிந்தால் கூடப் போய் நில்லுங்கள். அந்தச் சான்றிதழ் ஒரு நாளைய நிலைமைக்கு மட்டுமே சாட்சி. மலையில் ஓடும் வண்டியின் லைனரையும் ஒயிலையும் மாதம் ஒரு முறையாவது பாருங்கள். சாரதி பழுது சொன்னால் அவர் மீது கோபிக்காதீர்கள்.

வீதியில் நிற்கும் பரிசோதகரின் கைக்குள் எதையும் வைக்க நினைக்காதீர்கள். இலஞ்சம் ஹராம் என்று வெள்ளிக்கிழமை கேட்டுவிட்டுச் சனிக்கிழமை சாரதியிடம் “எதையாவது கொடுத்துச் சமாளி” என்று சொல்வது நம்மில் நடக்காததல்ல. அப்படிக் கொடுக்கும் பணத்துக்குப் பிரேக் வாங்கலாம். நேர்மையான பரிசோதகர் ஒரு லோட் மரக்கறியைத் தாமதப்படுத்துவார். அவர் கண்ணை மூடிக்கொண்டால் போவது ஓர் உயிராகவும் இருக்கலாம்.

நம் பிள்ளைகளுக்கும் இத்தொழிலில் இடமுண்டு. மோட்டார் பொறிமுறையில் தொழில்நுட்பத் தகைமை வேண்டும். விண்ணப்பம் வர்த்தமானியில் கோரப்படும், தேவையான தகைமையும் அதிலேயே இருக்கும். மொறட்டுவையிலுள்ள இலங்கை ஜேர்மன் தொழில்நுட்பப் பயிற்சி நிலையம் போன்ற இடங்களில் வாகனத் தொழிலைக் கற்கலாம். சிங்களமும் தமிழும் தெரிந்த ஒரு பரிசோதகர் மலையகத்துக்கு எவ்வளவு தேவை என்பது, ஓட்டப் பரீட்சையில் மொழி புரியாமல் விழித்து நிற்கும் தோட்டத்துப் பையனைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

என்னை அன்று குனிந்து பார்க்கச் சொன்னவரை அதன்பின் நான் சந்திக்கவில்லை. ஆனால் என் சாரதி இன்றும் என்னிடமே வேலை செய்கிறார். அவரது மூத்த மகளின் கல்யாணத்துக்குப் போய்ச் சாப்பிட்டு வந்தேன்.