பூ மாறிய ஊரில் தேன்சிட்டு

செம்பருத்திக்கு முன்னால் படபடக்கும் குட்டிப் பறவையைப் படமெடுத்து, "எங்கள் வீட்டுக்கு ஹம்மிங் பறவை வந்தது" என்று அனுப்புகிறவர்கள் திண்டுக்கல்லிலும் பெருகிவிட்டார்கள். ஹம்மிங் பறவைகளில் ஏறத்தாழ 360 இனங்கள் உண்டு. அத்தனையும் அமெரிக்கக் கண்டங்களைச் சேர்ந்தவை, உழவாரனுக்கு உறவானவை. நம்மிடம் வருவது தேன்சிட்டு. பூவின் முன் சில நொடி அந்தரத்தில் நிற்கும், பிறகு காம்பில் உட்கார்ந்தே குடிக்கும்.

திண்டுக்கல் சமவெளியில் மூன்று இனங்களைப் பார்க்கலாம். மஞ்சள் வயிற்று ஊதாப்பிட்டத் தேன்சிட்டுதான் வீடுகளைச் சுற்றி அதிகம் திரிவது. இனப்பெருக்கக் காலத்தில் ஆண் முழுக்கக் கருநீலமாக மின்னுவது ஊதாத் தேன்சிட்டு. மூன்றாவது லோட்டன் தேன்சிட்டு. அலகு மற்ற இரண்டையும்விட நீளம், வளைவும் அதிகம். பதினெட்டாம் நூற்றாண்டில் இலங்கையில் டச்சு ஆளுநராக இருந்த லோட்டனின் பெயர் அதற்கு.

அன்று இந்தப் பறவைகளுக்குத் தேன் கொடுத்தவை பெரும்பாலும் யாரும் பூவுக்காக வளர்க்காத மரங்கள். வத்தலக்குண்டுப் பக்கம் வெற்றிலைக் கொடி படர்வதற்காகக் கொடிக்காலில் அகத்தி நட்டார்கள். அதன் பெரிய பூக்களில் தேன்சிட்டுக்கு விருந்து. வேலியோரத்து முள்முருங்கை, இலையெல்லாம் உதிர்த்துவிட்டுத் தை, மாசியில் சிவப்பாகப் பூக்கும். சளி பிடித்த பிள்ளைக்கு அடை தட்ட இலை பறிப்பதோடு மனிதர்களின் தேவை முடிந்துவிடும், பூவெல்லாம் பறவைக்குத்தான். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் தென்னிந்தியாவுக்குள் வந்த ஒரு நுண்ணிய குளவி, முள்முருங்கை இலைகளில் முடிச்சு முடிச்சாகப் புடைப்பு உண்டாக்கி மரங்களை நலித்தது. வேலியும் கல்தூணுக்கும் கம்பிக்கும் மாறிவிட்டது.

சாலையோரப் புளியமரத்தின் கதையில் இன்னொரு சரடும் இருக்கிறது. புளியிலும் மாவிலும் ஒட்டி வளரும் புல்லுருவியை நாம் பீடை என்போம். அதன் குழல் பூவில் தேன்சிட்டு அலகை நுழைக்கும்போது மகரந்தம் தலையில் ஒட்டி அடுத்த பூவுக்குப் போகிறது. பழத்தைத் தின்னும் பூங்கொத்தி, பிசுபிசுப்பான விதையை இன்னொரு கிளையில் தேய்த்துவிடுகிறது. ஒரு பறவை காய்க்க வைக்க, ஒரு பறவை விதைக்கிறது. நான்கு வழிச் சாலைக்காகப் புளியமரங்கள் விழுந்தபோது இந்தக் கூட்டுறவும் அங்கே அறுந்தது. சாலை நடுவே இப்போது அரளி வைக்கிறார்கள். ஆண்டு முழுவதும் பூக்கிறது, பார்க்க அழகுதான். ஆனால் அரளிப் பூவில் தேன் கிடையாது.

நிலக்கோட்டை மல்லிகையும் இப்படித்தான். ஊர் முழுக்கப் பூ என்று வெளியூர்க்காரர் நினைப்பார். மல்லிகையை மொட்டாகவே, விடியுமுன் பறித்துச் சந்தைக்கு அனுப்பிவிடுகிறார்கள். விரிந்த பூவுக்கு விலை இல்லை. அதோடு மொட்டுப்புழுவுக்கு மருந்தடிக்கிறார்கள். உழவரைக் குறை சொல்ல மாட்டேன், ஒரு நாள் பறிப்பு தவறினாலும் அவருக்கு நட்டம். ஆனால் அந்த மருந்து தேன்சிட்டின் அடுத்த தலைமுறையைத் தொடுகிறது. குஞ்சுகளுக்குத் தேன் மட்டும் போதாது. புழு, பூச்சி, சிலந்தி ஊட்டித்தான் தாய் வளர்க்கிறது.

எல்லாமே இழப்பு என்று சொல்ல மனம் வரவில்லை. 1989-இல் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி வெளியிட்ட பி.கே.எம்.-1 செடிமுருங்கை, ஒட்டன்சத்திரம், வேடசந்தூர்ப் பக்கம் ஏக்கர் கணக்கில் பரவியது. பழைய மரமுருங்கைபோல ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டாம். விதைத்த சில மாதங்களிலேயே பூக்கிறது. அந்த வெள்ளைப் பூங்கொத்துகளில் தேன்சிட்டின் கீச்சொலி கேட்கிறது. நகரத்து வீடுகளில் கொல்லை போய்த் தொட்டி வந்திருக்கிறது. தொட்டியில் ஹமேலியா: ஆரஞ்சுச் சிவப்பில் குழல் குழலாகப் பூக்கும் அமெரிக்கச் செடி. அங்கே ஹம்மிங் பறவை தேடி வரும் பூவில் இங்கே தேன்சிட்டு குடிக்கிறது.

இந்த மாற்றத்தில் ஊதாப்பிட்டத் தேன்சிட்டு நன்றாகவே ஒட்டிக்கொண்டதாக எனக்குப் படுகிறது. லோட்டனைப் பார்க்க மட்டும், மரங்கள் அடர்ந்த பழைய வளாகங்களையும் சிறுமலை அடிவாரத்துத் தோப்புகளையும் நாட வேண்டியிருக்கிறது. வேடசந்தூர், நத்தம் வட்டக் காடுகளையும் சேர்த்து 2022-இல் கடவூர் தேவாங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டது. தேவாங்குக்காக நிற்கும் மரங்கள் தேன்சிட்டுக்கும் ஆகும்.

கூடு கட்டும் இடமும் மாறிவிட்டது. நார், பட்டைத் துணுக்கு, புழு எச்சம், காகிதக் கிழிசல் எல்லாவற்றையும் சிலந்தி நூலால் பிணைத்து, வாசலுக்குமேல் சிறு கூரையும் வைத்துத் தொங்கவிடும். அன்று முள்மரக் கிளையில் தொங்கியது, இன்று திண்ணை விளக்குக் கம்பியிலும் துணிக்கொடியிலும் தொங்குகிறது. முட்டை பெரும்பாலும் இரண்டு; அடைகாக்க இரண்டு வாரம், குஞ்சு பறக்க ஏறத்தாழ இன்னும் இரண்டு வாரம். அந்த ஒரு மாதம் துணியை வேறு கொடியில் காயப்போட்டு, மூலையில் இருக்கும் ஒட்டடையையும் விட்டுவைக்கிற வீடுகள் திண்டுக்கல்லில் இருக்கின்றன.