உயர் கியரும் எரிபொருட் சிக்கனமும்: ஒரு விளக்கம்

சாரதிகளிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் நடைமுறையொன்று உண்டு. வாகனம் ஓரளவு வேகம் பெற்றதும் அவர்கள் தாமதியாது அடுத்த மேல் கியருக்கு மாற்றுவர். இயந்திரத்தின் இரைச்சல் தணியும். பெற்றோலும் மிஞ்சும் என்பர். இது வெறும் நம்பிக்கையா, அன்றிப் பௌதிக அடிப்படை உடையதா என்பது ஆராயத்தக்கது. 2022 யூன் மாத இறுதியில் இலங்கையில் ஒக்டேன் 92 பெற்றோல் லீற்றரொன்றின் விலை 470 ரூபாவாக உயர்ந்தது. அடுத்த மாதம் அறிமுகமான எரிபொருள் அனுமதிப்பத்திர முறையின் கீழ் முச்சக்கர வண்டியொன்றுக்கு வாரத்திற்கு 5 லீற்றரே ஒதுக்கப்பட்டது. அந்நாட்களை மறவாதோர்க்கு இவ்வினா தொழினுட்பத்தோடு மட்டும் நின்றுவிடும் வினாவன்று.

கியர்த் தொகுதி, இயந்திரத்துக்கும் சக்கரங்களுக்கும் இடையே இயக்கத்தைக் கடத்தும் பொறிமுறையாகும். 1867 இல் வெளிவந்த 'மூலதனம்' முதற் பாகத்தில் மார்க்ஸ், வளர்ச்சியுற்ற இயந்திரத் தொகுதியை இயக்குபொறி, கடத்தும் பொறிமுறை, கருவிப்பொறி என மூன்று கூறுகளாக வகுத்துக் காட்டினார். தொழிற்சாலையை நோக்கி எழுந்த அப்பகுப்பின் நடுக்கூறே ஈண்டு நமது பொருள். முதலாம் கியரில் இயந்திரம் பலமுறை சுழலச் சக்கரம் ஒருமுறை சுழலும்; இழுவை பெருகும், வேகம் குறையும். மேல் கியரில் இந்நிலை மாறும். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் சிறிய காரொன்றின் இயந்திரம் மூன்றாம் கியரில் நிமிடத்துக்கு 2,500 தடவை சுழலுமாயின், ஐந்தாம் கியரில் ஏறத்தாழ 1,600 தடவையே சுழலும்.

இரு நிலைகளிலும் காரை நகர்த்துவதற்கு வேண்டிய வலு ஒன்றே. சமதரையில் அவ்வேகத்துக்கு 3 அல்லது 4 கிலோவாற்று போதுமானது. இயந்திரமோ அதனைப் போற் பன்மடங்கு வலுவைத் தர வல்லது. அவ்வாறாயின் எரிபொருட் செலவு வேறுபடுவது ஏன்? காரணங்கள் இரண்டு.

முதலாவது, உராய்வு. முசலம், தாங்கிகள், வால்வுகள், எண்ணெய்ப் பம்பி ஆகியன ஒவ்வொரு சுற்றிலும் சத்தியின் ஒரு பங்கை விழுங்குகின்றன. சுற்றுகள் குறைய இவ்விழப்பும் குறைகின்றது. இரண்டாவது, காற்றை உள்ளிழுக்கும் வேலை. பெற்றோல் இயந்திரத்தின் காற்று வழியில் ஒரு தகடு உண்டு. சாரதி மிதியை இலேசாக அழுத்தும்போது அது பெரும்பாலும் மூடியே இருக்கும். குறுகிய அவ்வழியூடாகக் காற்றை இழுக்க முசலம் வீணே உழைக்கின்றது. மேல் கியரில் ஒவ்வொரு சுற்றும் கூடிய முறுக்கத்தைத் தரவேண்டியிருத்தலால், தகடு மேலும் திறக்கப்படுகின்றது. வீண் உழைப்பும் குறைகின்றது. மிதியைக் கூடுதலாக அழுத்தினாற் செலவும் கூடும் என்பதே பொதுக் கருத்து. ஒரே வேகத்தில், மேல் கியரில், சற்றுக் கூடுதலாக அழுத்தியும் செலவு குறைகின்றது. தோற்றத்தைக் கொண்டு சாரத்தைத் துணிதல் எத்துணைத் தவறானது என்பதற்கு இதுவும் ஓர் எடுத்துக்காட்டு. டீசல் இயந்திரத்தில் காற்றை இவ்வாறு மறித்து வலுவைக் கட்டுப்படுத்துவதில்லை. ஆதலின் ஆங்கு முதற் காரணமே மேலோங்கி நிற்கும்.

ஆயினும் இவ்விதிக்கு எல்லை உண்டு. சுற்றுகள் அளவுக்கு மீறிக் குறைந்தால் இயந்திரம் அதிரும். உருளைகளுள் தட்டொலி எழும். தாங்கிகளில் எண்ணெய்ப் படலம் மெலிந்து தேய்வு மிகும். ஏற்றத்தில் கீழ்க் கியருக்கு இறங்காது அடம்பிடிப்பவர் பெற்றோலில் மிச்சம்பிடித்ததைத் திருத்தகத்திற் செலுத்த நேரும்.

இதனோடு சேர்த்துக் கண்டிக்கவேண்டிய பிறிதொரு வழக்கம், இறக்கத்தில் கியரை விடுவித்து நியூட்ரலில் ஓடவிடுவதாகும். கடுகண்ணாவைக் கணவாய் போன்ற இறக்கங்களில் இயந்திரத்தின் தடை நீங்கிவிட, முழுப் பாரமும் பிரேக்கின் மீதே விழும். தொடர்ந்து சூடேறும் பிரேக் தன் வலிமையை இழக்கும். இதனாற் சிக்கனமேனும் உண்டா? பழைய காபுரேற்றர் இயந்திரத்திற் சிறிது உண்டு எனலாம். எரிபொருளை உட்செலுத்தும் இக்கால இயந்திரங்களிலோ, கியரில் இருக்கையில் மிதியிலிருந்து காலை எடுத்தாற் பொதுவாக எரிபொருள் முற்றாகவே நிறுத்தப்படுகின்றது. நியூட்ரலிலோ இயந்திரம் அணையாதிருக்கவே எரிபொருள் வேண்டும். உயிரைப் பணயம் வைத்து ஈட்டும் இச்சிக்கனம் சிக்கனமுமன்று.

இனி, இச்சிக்கனத்தின் பயனை யார் பெறுகின்றனர் என நோக்குதல் வேண்டும். கியரை எப்போது மாற்றுவது என்பதைக் காதாலும் காலாலும் உணரும் திறன், சாரதி பல்லாண்டு உழைத்துப் பெற்ற தொழிற்றிறன். சொந்த வண்டி ஓட்டுபவனுக்கு அதன் பயன் நேரே கிட்டும். நாள் வாடகைக்கு வண்டி எடுத்தோடுபவன் பெற்றோலைத் தானே போடுவதால் மிச்சமும் அவனதே. ஆனால் வாடகை உயருமிடத்து அம்மிச்சம் உரிமையாளனின் கைக்கு மாறிவிடும். கூலிச் சாரதியின் திறனோ தொடக்கத்திலேயே முதலாளியின் இலாபத்துட் சேர்கின்றது. ஒரே கை, ஒரே கியர். உடைமை உறவு வேறுபடப் பயனும் வேறுபடுகின்றது.

கவனமாக ஓட்டுவதாற் பத்திலொரு பங்கு மிஞ்சுமெனக் கொள்வோம். வாரத்துக்குரிய 5 லீற்றரில் அது அரை லீற்றர். முச்சக்கர வண்டிச் சாரதிக்கு அது ஒன்றிரண்டு வாடகை ஓட்டம். ஒரு வேளை அரிசி. அதனை அற்பமெனத் தள்ளுதல் வறுமையை அறியாதார் கூற்று. ஆனால் 2022 இல் அதே சாரதி எரிபொருள் நிலைய வரிசையில் இரவு பகலாக இழந்த உழைப்பு நாட்களை எந்தக் கியரும் மீட்டுத் தரவில்லை. அவ்வரிசையைத் தோற்றுவித்தது அந்நியச் செலாவணி வறட்சியேயன்றிச் சாரதிகளின் ஊதாரித்தனமன்று. நெருக்கடிக் காலங்களிற் சிக்கனம் பற்றிய அறிவுரை எப்போதும் கீழ்நோக்கியே வழங்கப்படுவதும், பொதுப் போக்குவரத்தின் சீர்கேடு பேசப்படாது விடப்படுவதும் தற்செயலானவையல்ல.

ஆகவே உயர் கியர் பற்றிய சாரதிகளின் பட்டறிவு சரியானதே; பௌதிகம் அதனை உறுதிப்படுத்துகின்றது. அதனை எல்லையறிந்து கைக்கொள்ளுதல் நன்று. ஐம்பது பேர் சேர்ந்து செல்லும் பேருந்தொன்று காலந்தவறாது ஓடுமாயின் மிஞ்சும் எரிபொருளோ, தனிமனிதர் எவரும் தம் கியரால் ஈட்டமுடியாதது. முன்னையது தனியாள் திறன். பின்னையது சமூகம் முயன்று பெறவேண்டியது. ஒன்றைக் காட்டி மற்றதை மறைக்க நாம் இடமளித்தலாகாது.