எல்லைக்கு அப்பால் மலிவு

பகல் முழுவதும் உழைத்துச் சொற்பக் கூலியோடு திரும்பும் ஒருவன், அந்தக் கூலியில் ஒரு பங்கைச் செலவிட்டுச் சாயங்காலத்தில் இரண்டு மணி நேரம் நாலு பேரோடு உட்கார்ந்து களைப்பாற விரும்புவது எல்லாத் தேசங்களுக்கும் பொதுவான விருப்பமே ஆகையால், அந்த விருப்பத்துக்கு ஒரு தேசம் எவ்விதம் இடம் கொடுக்கிறது என்று விசாரித்தால் அதன் சட்டத்தையும் வரியையும் பற்றி ஓரளவு தெரிந்துகொண்டுவிடலாம். பிரேசில் தேசத்துப் பெலோ ஹொரிசான்டே நகரத்தில் பொதெக்கோ எனப்படும் சிறு மதுக்கடைகள் மலிந்து கிடக்கின்றன. நடைபாதையில் மேஜை போட்டு, 600 மில்லி பீர் பாட்டில் ஒன்றை வாங்கி அதைச் சின்னஞ்சிறு கிளாஸ்களில் நாலைந்து பேர் பங்கிட்டுக் குடித்து, வறுவலோ பொரியலோ தின்று, ஸ்திரீகளும் புருஷர்களும் கிழவர்களுமாக ஊர்க்கதை பேசிவிட்டு எழுந்து போகிறார்கள். எந்தக் கடையின் சிற்றுண்டி சிறந்தது என்று 2000-ஆம் ஆண்டு முதல் அங்கே போட்டியே நடந்து வருகிறது. அந்நகரத்துக்குப் புதிதாக வந்த பிரயாணி, மலிவான கடை எந்தத் தெருவில் என்று கேட்டால் போதும். விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் அதே கேள்வியைக் கேட்பவனுக்குத் தெருவின் பெயரைச் சொல்லமாட்டார்கள். அடுத்த ராஜ்யத்துக்கு வழி சொல்லுவார்கள்.

அடுத்த ராஜ்யம் புதுச்சேரி. அது ஒரே துண்டாக அமைந்த நிலப்பரப்பன்று. பிரஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் மாறிமாறி யுத்தம் செய்து, பிடித்து, திருப்பிக் கொடுத்து, நெப்போலியன் வீழ்ந்த பிறகு 1816-ஆம் ஆண்டில் கடைசி முறையாகக் கைமாற்றிக்கொண்டபோது, பிரஞ்சுக் கிராமங்கள் ஆங்கிலக் கிராமங்களுக்கு நடுவே சிதறிக் கிடக்கும்படியாகவே அந்த ஏற்பாடு முடிந்தது. அந்தச் சிதறல் இன்றைக்கும் மாறவில்லை. விழுப்புரத்திலிருந்து கிழக்கே புறப்படும் பேருந்து கோலியனூரையும் வளவனூரையும் கடந்து, ஏறக்குறையப் பாதி வழியில் மதகடிப்பட்டில் புதுச்சேரிக்குள் நுழைந்து, திருபுவனையைத் தாண்டிக் கண்டமங்கலத்தில் மறுபடியும் தமிழ்நாடாகி, அரியூரிலும் வில்லியனூரிலும் திரும்பவும் புதுச்சேரியாகிவிடுகிறது. ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவனுக்கு எல்லைக்கல் கண்ணில் படாவிட்டாலும் பாதகமில்லை. எந்த அரசாங்கத்தின் கீழ் இருக்கிறோம் என்பதை மதுக்கடைப் பலகைகளே தெரிவித்துவிடும். திண்டிவனத்தாருக்குக் கிளியனூர், மொரட்டாண்டி வழியாகக் கோரிமேடும், மயிலம் பக்கத்தாருக்குச் சேதராப்பட்டும், மரக்காணம் முதலிய கடற்கரை ஊர்க்காரருக்குக் கோட்டக்குப்பத்தைத் தாண்டியதும் முத்தியால்பேட்டையும் வாசல்கள்.

அப்பால் விலை ஏன் குறைவு என்பதற்குக் காரணம் சரக்கில் இல்லை, வரியில் இருக்கிறது. மதுபானத்தின்மேல் ஆயத்தீர்வை விதிக்கும் அதிகாரத்தை அரசியல் சாசனம் மாநிலங்களுக்கே கொடுத்திருப்பதால், 2017-இல் தேசம் முழுமைக்கும் சரக்கு சேவை வரி வந்தபோதுகூட மது அதற்கு வெளியே நின்றுவிட்டது. தமிழ்நாடு தன் சொந்தக் கழகமான டாஸ்மாக்கின் மூலம் 2003-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் முதல் சில்லறை விற்பனையைத் தானே நடத்தி, 2023-24-ஆம் ஆண்டில் 45,000 கோடி ரூபாய்க்கு மேல் வருமானம் பெற்றது. சிறிய பிரதேசமான புதுச்சேரியோ தனியாருக்கு உரிமம் கொடுத்து, குறைந்த தீர்வையை வைத்து, அயலூர்க்காரர் வந்து வாங்குவதிலேயே தன் லாபத்தைக் காண்கிறது. அங்கே சாராயக் கடையும் உண்டு, கள்ளுக்கடையும் உண்டு; இரண்டையும் அரசாங்கம் ஏலம் விடுகிறது. தமிழ்நாட்டில் அவ்விரண்டும் 1987-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதியோடு ஒழிந்தன. ஆகவே பனைமரம் நிறைந்த விழுப்புரம் ஜில்லாவில் பனையேறி சட்டப்படி பதநீர் இறக்கலாமே தவிரக் கள் இறக்கக்கூடாது. வரப்புக்கு அப்பால் இருக்கும் புதுச்சேரி மரத்துக்கு அந்தத் தடை கிடையாது.

இந்த வேற்றுமையின் சரித்திரத்தைத் தேடிப் போகிறவன் வெகுதூரம் போகவேண்டியதில்லை. திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூர் வரை போனால் போதும். 1937-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் தேதி ராஜாஜி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைத் தொடங்கிவைத்தார்; அதனால் ஏற்பட்ட வருமான நஷ்டத்தை ஈடுசெய்ய 1939-இல் விற்பனை வரியை ஏற்படுத்தினார். (மதுவிலக்கு வந்தும் போயும் பல தடவை ஆகிவிட்டது, அதற்கு ஈடாக வந்த விற்பனை வரி மட்டும் பெயர் மாறினாலும் போகவே இல்லை என்பதை வியாபாரிகள் மறக்கமாட்டார்கள்.) ஆனால் அந்தக் காரியத்தை மாகாணம் முழுமைக்கும் விஸ்தரித்து முடித்தவர், 1947-ஆம் ஆண்டு மார்ச் முதல் 1949-ஆம் ஆண்டு ஏப்ரல் வரை சென்னை மாகாணப் பிரதமராக இருந்த ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார். விவசாயக் குடும்பத்தில் பிறந்து, வள்ளலாரிடத்தும் ரமண மகரிஷியிடத்தும் ஈடுபாடு கொண்டு, பதவியை விட்டபின் வடலூரில் போய்த் தொண்டு செய்த அந்தப் பெரியவருடைய ஆட்சியில், 1948-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் தேதி, சென்னை மாகாணத்தின் எல்லா ஜில்லாக்களிலும் மதுவிலக்கு அமலாயிற்று. அவருடைய சொந்த ஊருக்குக் கூப்பிடு தூரத்தில் என்று சொல்லத்தக்கபடி கிடந்த பிரஞ்சுப் புதுச்சேரிக்கு மாத்திரம் அந்தச் சட்டம் எட்டவில்லை. ஆங்கிலேய அரசாங்கத்தின் பிடிக்குத் தப்பி 1908-இல் பாரதியார் கடந்த அதே எல்லையை, நாற்பது வருஷங்களுக்குப் பின் தென்னாற்காட்டு ஜனங்கள் வேறொரு தாகத்தின் பொருட்டுக் கடக்கலானார்கள்.

1954-ஆம் ஆண்டு நவம்பர் முதல் தேதி பிரஞ்சுக்காரர் நிர்வாகத்தை ஒப்படைத்தனர். 1962-இல் சட்டப்படியான இணைப்பும் பூர்த்தியாயிற்று. கொடி மாறியதேயன்றி அங்கே மதுவிலக்கு வரவில்லை. இந்தப் பக்கத்திலோ 1971-இல் மதுவிலக்கைத் தளர்த்துவதும், 1974-இல் திரும்பக் கொண்டுவருவதும், 1981-இல் மறுபடி தளர்த்துவதும், 1983-இல் டாஸ்மாக்கை மொத்த வியாபாரத்துக்கென ஏற்படுத்துவதுமாக அரசாங்கத்தின் மனம் ஊசலாடியது. ஊஞ்சல் எந்தப் பக்கம் போனபோதும் மதகடிப்பட்டுக்கு நஷ்டமில்லை. ஒரே ஒரு முறை அந்த ஊரின் அதிர்ஷ்டம் சோதனைக்குள்ளாயிற்று: கொரோனாவின்போது 2020-ஆம் ஆண்டு மே மாதத்தில், அயலூர்க் கூட்டம் வந்து குவியாதிருக்கும்பொருட்டுப் புதுச்சேரி அரசாங்கம் விசேஷ வரி விதித்துத் தமிழ்நாட்டு விலையோடு தன் விலையைச் சமமாக்கிற்று, மறுவருஷம் அந்த வரி நீங்கவும் பழைய நடமாட்டம் திரும்பிவிட்டது. சரக்கின் ருசி பற்றியும் ஊரின் உல்லாசம் பற்றியும் எவ்வளவு பேசினாலும், எல்லை கடக்கிறவர்களைக் கடக்கவைப்பது விலை ஒன்றுதான் என்று அந்த ஏற்பாட்டிலேயே தெரிந்துபோயிற்று.

விலையை மட்டும் சொல்லிவிட்டால் விஷயம் முடிந்துவிடாது. இடம் என்று ஒன்று இருக்கிறதே. தமிழ்நாட்டில் மதுக்கடை பகல் 12 மணி முதல் இரவு 10 மணி வரை திறந்திருக்கும். 2016-ஆம் ஆண்டு மே மாதத்தில்தான் காலை 10 மணித் திறப்பு நண்பகலுக்குத் தள்ளப்பட்டது. கடை அரசாங்கத்துடையது, அதை ஒட்டிய பார் தனியாருடையது. அந்தக் குத்தகைதாரர் டெண்டரில் எடுப்பது தின்பண்டம் விற்கும் உரிமையையும் காலிப் பாட்டில் சேகரிக்கும் உரிமையையுமே அன்றி, மது விற்கும் உரிமையை அன்று. இதைத் தெரிந்துகொண்டால் அந்த இடங்களின் லக்ஷணம் முழுவதும் விளங்கிவிடும். சரக்கில் அவருக்குப் பங்கில்லை. ஆகவே தண்ணீர்ப் பாக்கெட்டிலும், பிளாஸ்டிக் டம்ளரிலும், சைடு டிஷ் என்று ஜனங்கள் வழங்கும் மாங்காய்த் துண்டு, சுண்டல், அவித்த முட்டை முதலியவற்றிலுமே குத்தகைப் பணத்தை எடுத்தாகவேண்டும். வந்தவன் சீக்கிரம் எழுந்துபோய் அடுத்தவனுக்கு இடம் விடுவது அவருக்கு லாபம். நெடுநேரம் உட்கார்ந்து பேசுவது நஷ்டம். இப்படிப்பட்ட கணக்கில் நல்ல நாற்காலியும் வெளிச்சமும் காற்றும் எங்கிருந்து வரும்? ஸ்திரீகள் வந்து உட்காருவது பற்றிப் பேச்சே இல்லை. பார் இல்லாத கடைகளும் பல உண்டு. அங்கே குவார்ட்டர் எனப்படும் 180 மில்லி பாட்டிலை வாங்கியவன் ஏரிக்கரைக்கோ, கழனி வரப்புக்கோ, பாதி கட்டிய கட்டடத்துக்கோ போய்விடுகிறான். மறுநாள் நாற்று நடப் போகிறவர்களின் காலில் குத்தும் கண்ணாடித் துண்டுகள் யாருடைய கணக்கிலும் வருவதில்லை. விற்பதற்கு இவ்வளவு பெரிய ஸ்தாபனத்தை உண்டாக்கிய அரசாங்கம், குடிக்கிறவன் மனிதனாக உட்கார ஓர் இடத்தைப் பற்றி யோசிக்கவே இல்லை என்பது என் அபிப்பிராயம்.

புதுச்சேரியில் அந்தக் குறை கொஞ்சம் தீர்கிறது. விற்கிறவனே உட்காரவும் வைப்பதனால், சாதாரணக் கடையிலும் மின்விசிறி, மேஜை, சுடச்சுடச் சமையல் என்று ஏதோ ஒரு மரியாதை உண்டு. கடற்கரை ஓரத்துப் பிரஞ்சு வீதிகளில் இருப்பவை சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் சனிக்கிழமை வருகிறவர்களுக்கானவை. கொத்தனாருக்கும் லாரி டிரைவருக்கும் அவை கட்டுப்படியாகா. அவர்களுடைய புதுச்சேரி கடற்கரைக்கு வெகு முன்பாகவே, முதல் எல்லைக் கடைத்தெருவிலேயே முடிந்துவிடுகிறது.

ஆனால் இந்த மலிவைக் கணக்கிட உட்காருகிறவன் பாட்டில் விலையோடு நிறுத்திவிடுகிறான். போகவரப் பேருந்துக் கட்டணத்தையும் அங்கே போய்த் தின்ற தீனியையும் சேர்க்க மறந்துவிடுகிறான். இரவு ஏற ஏறப் பேருந்து அருகும் என்பதால் மோட்டார் சைக்கிளில் போகிறவர்களே அதிகம். அவர்களுக்குத் திரும்பும் வழியில் இரண்டு கண்டங்கள் காத்திருக்கின்றன. இரத்தத்தில் 100 மில்லிக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் மது இருந்து வண்டி ஓட்டினால், 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி முதல் குற்றத்துக்கே 10,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். எத்தனை குவார்ட்டரில் மிச்சம்பிடித்த காசு அதில் போகும் என்பதை அவரவரே பெருக்கிப் பார்த்துக்கொள்ளலாம். மற்றொன்று சோதனைச் சாவடி. புதுச்சேரி முத்திரை கொண்ட மதுவைத் தமிழ்நாட்டுக்குள் கொண்டுவருவது மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். இடுப்பில் செருகிய பாட்டிலோடு பிடிபட்டவனுக்குப் பாட்டில் மட்டும் போவதோடு நிற்பதில்லை, ஏறிவந்த வண்டியும் பறிமுதலாகலாம். சந்து வழிகளில் புகுந்து தப்பிவிடுகிறவர்கள் உண்டு. கிராமத்துக்குக் கிராமம் எல்லை வளைந்து செல்லும் இந்த நாட்டில் எல்லா வரப்புக்கும் காவல் போடுவது எந்தப் போலீஸாலும் ஆகாது.

புதுச்சேரிச் சரக்கைவிடவும் மலிவானது ஒன்று உண்டு. அதைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும். 2023-ஆம் ஆண்டு மே மாதத்தில் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பம் என்னும் மீனவர் கிராமத்தில் விற்ற சாராயத்தில் தொழிற்சாலை மெத்தனால் கலந்திருந்தது. பத்துப் பேருக்கு மேல் மாண்டனர். 2024-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், 2019 வரை விழுப்புரத்தோடு சேர்ந்திருந்த கள்ளக்குறிச்சியில், கருணாபுரம் பகுதியில் அதே விபரீதம் அறுபதுக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. மெத்தனால் குடிக்கும்போது சாதாரண மதுவைப் போலவே இருக்கும், போதையும் ஏறும். கல்லீரல் அதை மெல்ல மெல்லப் பார்மிக் அமிலமாக மாற்றுவதற்குப் பல மணி நேரம் ஆவதால், குடித்தவன் நன்றாகத் தூங்கி எழுந்த பிறகே வயிற்றுவலியும் வாந்தியும் மூச்சுத் திணறலும் கண் மங்கலும் தொடங்குகின்றன. அமிலம் முதலில் பார்வை நரம்பைத் தாக்குகிறது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போனால் பிழைக்க வழியுண்டு: பொமெபிசோல் என்னும் மருந்தையோ, அது கிடைக்காவிட்டால் சுத்தமான எத்தனாலையோ கொடுத்து அந்த மாற்றத்தைத் தடுக்கிறார்கள்; இரத்தத்தை இயந்திரத்தில் சுத்திகரிக்கிறார்கள். முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரியும் புதுச்சேரி ஜிப்மரும் அந்த நாட்களில் நிரம்பி வழிந்தன. வழக்கு வரும் என்று பயந்து வீட்டிலேயே கிடப்பது இந்த விஷயத்தில் சாவுக்குச் சமானம். டாஸ்மாக் விலைக்கும் கூலிக்காரன் சட்டைப் பைக்கும் நடுவே உள்ள பள்ளத்தில்தான் இந்த வியாபாரம் குடியிருக்கிறது.

குடியோடு சம்பந்தமில்லாத இராத்திரி இந்த ஊர்களுக்கு உண்டா என்றால், நிறைய உண்டு. ஐந்து திசைகளுக்கு ரயில் பிரியும் விழுப்புரம் சந்திப்பும், சென்னையிலிருந்து தெற்கே போகும் பேருந்துகள் நின்று போகும் திண்டிவனமும் நள்ளிரவிலும் விழித்திருக்கிற இடங்கள்; டீக்கடைப் பெஞ்சியில் ஒரு கிளாஸ் டீக்கு அரைமணி நேர சம்பாஷணை கிடைக்கும். மேல்மலையனூர் அங்காளபரமேஸ்வரிக்கு அமாவாசை இரவில் நடக்கும் ஊஞ்சல் உற்சவத்துக்குச் சிறப்புப் பேருந்துகளில் ஆயிரக்கணக்கான ஜனங்கள் வந்து, விடியும் வரை வெட்டவெளியில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களில் பெண்களும் ஏராளம். பொதெக்கோவில் உட்காரும் பிரேசில்காரிக்குக் கிடைக்கும் அந்த இரவு சுதந்திரம் நம் ஜில்லாவில் அம்மன் சந்நிதியில்தான் கிடைக்கிறது.

பங்குனி தொடங்கி ஆடி வரை செஞ்சிச் சீமையில் திரௌபதி அம்மன் கோயில்கள்தோறும் பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் தெருக்கூத்தும் நடக்கும். செஞ்சிக்கு அருகிலுள்ள மேலச்சேரிக் கோயிலை அந்த வழிபாட்டுக்கே மூலஸ்தானமாகக் கருதுகிறார்கள். அமெரிக்கப் பேராசிரியர் ஆல்ப் ஹில்டபீட்டல் அதைக் குறித்து 1988-இல் ஒரு பெரிய புஸ்தகமே வெளியிட்டார். கூத்து ராத்திரி தொடங்கினால் விடிகிறவரை ஓயாது. வேஷம் கட்டுகிறவர்களுக்குக் கொடுக்கும் பணத்தை ஊரார் தலைக்கட்டு வரியாக வசூலித்துவிடுவதால், வெளியூர்க்காரனுக்குக் கட்டணம் கிடையாது. உட்காருவதற்குப் பாய் மட்டும் அவனே கொண்டுவந்துவிடுவது நல்லது.