உணவுக் குறிப்பேடு: இடையில் நிறுத்தாமல் தொடர்வது எப்படி?

உடல் எடையைக் குறைக்க வேண்டியவர்களிடம், அன்றாடம் உண்பதையும் பருகுவதையும் எழுதி வருமாறு மருத்துவர்கள் கூறுவது வழக்கம். இவ்வாறு எழுதப்படுவதே உணவுக் குறிப்பேடு எனப்படுகிறது. பலரும் இதனை ஆர்வத்துடன் தொடங்கி, முதல் வாரம் ஒரு வேளையும் விடாமல் எழுதுகின்றனர். மூன்றாம் வாரத்தில் ஏட்டை மூடி வைத்துவிடுகின்றனர். சிலர், மருத்துவமனைக்கு வரும் நாளுக்கு முன்பு மட்டும் எழுதிக் கொண்டு வருகின்றனர். குறிப்பேட்டை எவ்வாறு எளிமையாக எழுதுவது, எந்த இடங்களில் அது நின்றுபோகிறது, மருந்து உட்கொள்பவர்கள் அதனை ஏன் உண்மையாக எழுத வேண்டும் ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

யாருக்கு இது தேவை?

இந்தியர்களுக்கு உடல் நிறைக் குறியெண் 23 அல்லது அதற்கு மேல் இருப்பின் அதிக எடை என்றும், 25 அல்லது அதற்கு மேல் இருப்பின் உடற்பருமன் என்றும் கொள்ளப்படுகிறது. எடுத்துக்காட்டாக, 160 செ.மீ. உயரமுள்ள ஒருவர் 59 கிலோவைத் தாண்டினால் அதிக எடை உடையவர். 64 கிலோவைத் தொட்டால் உடற்பருமன் உடையவர். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்ற அளவைக் கடப்பதும் எச்சரிக்கைக்குரியது.

நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், கல்லீரலில் கொழுப்புப் படிதல், மூட்டுவலி ஆகியவை உள்ளவர்களுக்கு, இப்போதைய எடையில் 5 விழுக்காடு குறைந்தாலே பயன் தெரியத் தொடங்கும். 70 கிலோ எடையுள்ளவருக்கு அது மூன்றரைக் கிலோ மட்டுமே.

எழுதுவதால் என்ன பயன்?

நாம் உண்பதன் அளவை நம் நினைவு குறைத்தே காட்டுகிறது. இதற்கு 1992ஆம் ஆண்டு நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியான ஓர் ஆய்வு நல்ல சான்றாகும். மிகக் குறைவாக உண்டும் எடை குறையவில்லை என்று கூறிய 10 பேரை ஆய்வாளர்கள் கவனித்தனர். அவர்கள் உண்மையில் உட்கொண்ட கலோரி அளவைக் கணக்கிட்டபோது, தாங்கள் தெரிவித்ததைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு உண்டிருந்தது தெரியவந்தது. அவர்களது உடலின் ஆற்றல் செலவில் குறை எதுவும் காணப்படவில்லை. ஆகவே, "நான் அதிகமாக ஒன்றும் சாப்பிடுவதில்லை" என்று ஒருவர் கூறும்போது, அவர் பொய் சொல்வதாகக் கருத வேண்டியதில்லை. நின்றபடி உண்ட வடையும், பிள்ளை மிச்சம் வைத்த சோறும் நினைவில் தங்குவதில்லை.

அமெரிக்காவில் ஏறத்தாழ 1,700 பேர் பங்கேற்று 2008ஆம் ஆண்டு வெளியான மற்றோர் ஆய்வில், நாள்தோறும் உணவைக் குறித்தவர்கள், குறிப்பே எழுதாதவர்களைக் காட்டிலும் இரு மடங்கு எடை குறைந்தனர். எழுதுவது மட்டுமே இதற்குக் காரணம் என்று கூற இயலாது. எனினும், எழுதும் பழக்கமுடையவர் உண்ணும் முன் ஒரு கணம் எண்ணிப் பார்க்கிறார் என்பது உறுதி.

எழுதும் முறை

விலையுயர்ந்த கருவியோ கைப்பேசிச் செயலியோ தேவையில்லை. கோடு போட்ட சிறு நோட்டு ஒன்று போதும். எழுதப் படிக்க இயலாதவர்கள், உண்ணும் முன் தட்டைக் கைப்பேசியில் படம் எடுத்து வைக்கலாம். அல்லது வீட்டிலுள்ள ஒருவரிடம் சொல்லி எழுதச் செய்யலாம்.

கலோரிக் கணக்குப் போட வேண்டிய கட்டாயமும் இல்லை. நேரம், உணவு, அளவு ஆகிய மூன்றையும் எழுதினால் போதுமானது. அளவை உங்கள் வீட்டுப் பாத்திரங்களைக் கொண்டே குறிப்பிடுங்கள். தினமும் ஒரே கரண்டி, ஒரே டம்ளர், ஒரே கிண்ணம் என்று வைத்துக்கொண்டால், இன்றைய அளவையும் நேற்றைய அளவையும் ஒப்பிட முடியும்.

ஒரு நாளின் குறிப்பு இவ்வாறு இருக்கலாம்:

காலை 6.30 – காபி 1 டம்ளர், சர்க்கரை 2 தேக்கரண்டி
காலை 8.45 – இட்லி 4, சாம்பார் 2 கரண்டி, தேங்காய்ச் சட்னி 1 கரண்டி
காலை 11.15 – தேநீர் 1 (கடை), சர்க்கரை 2 தேக்கரண்டி, பருப்பு வடை 1
பிற்பகல் 1.30 – சோறு 4 கரண்டி, வத்தக்குழம்பு, கீரைக் கூட்டு 1 கரண்டி, அப்பளம் 2, மோர்
மாலை 5.00 – தேநீர் 1, சர்க்கரை 2 தேக்கரண்டி, மிக்சர் ஒரு கைப்பிடி
இரவு 8.45 – தோசை 3, இட்லிப் பொடி, நல்லெண்ணெய் 2 தேக்கரண்டி

இதனை எழுத ஒரு நாளில் ஐந்து நிமிடங்கள் கூட ஆகாது. ஆனால், இது தெரிவிக்கும் செய்தி பெரிது. மூன்று முறை பருகியவற்றில் மட்டும் ஆறு தேக்கரண்டி, அதாவது ஏறத்தாழ 30 கிராம் சர்க்கரை சேர்ந்துள்ளது. இது 120 கலோரி. பெரியவர் ஒருவர் உணவில் சேர்க்கும் சர்க்கரையை, இயன்றால் நாளொன்றுக்கு 25 கிராம் அளவுக்குள் வைத்துக்கொள்வது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. பொடிக்கு ஊற்றிய எண்ணெயில் மேலும் 80 கலோரி உள்ளது. நீரிழிவு இல்லாதவர் கூட இவ்விரண்டையும் பாதியாக்கினால், சோற்றைத் தொடாமலேயே நாளொன்றுக்கு 100 கலோரி குறையும். எதைக் குறைப்பது என்பதை நோட்டே காட்டிவிடுகிறது.

பெரும்பாலும் விடுபடுபவை

• சமைக்கும்போது ருசி பார்ப்பவை
• குழந்தைகள் மிச்சம் வைத்தவை
• பணியிடத்தில் பகிரப்படும் இனிப்பும் காரமும்
• பழச்சாறு, இளநீர், குளிர்பானம், சத்துமாவுக் கஞ்சி
• கோயில் பிரசாதம், விழா வீட்டுப் பலகாரம்
• மது, மதுவுடன் உண்பவை
• தாளிப்பிற்கும் வறுவலுக்கும் சேர்க்கும் எண்ணெய்

எண்ணெயை ஒவ்வொரு வேளையும் அளப்பது கடினம். அதற்கு எளிய வழி ஒன்று உண்டு. எண்ணெய்ப் பாக்கெட்டைப் பிரிக்கும் நாளை அதன் மீதே எழுதி வையுங்கள். ஒருவருக்கு மாதம் அரை லிட்டர் என்பது பொதுவாகக் கூறப்படும் வரம்பு. நான்கு பேர் உள்ள வீட்டில் ஒரு லிட்டர் எண்ணெய் ஏறத்தாழ 15 நாட்களுக்கு வர வேண்டும். ஒன்பதாம் நாளே தீர்ந்துவிட்டால், மாற்ற வேண்டியது எது என்பது புலப்படும்.

எங்கே நின்றுபோகிறது?

1. இரவில் மொத்தமாக எழுத முற்படும்போது. பகல் முழுவதும் உண்டதை உறங்கும் முன் நினைவுகூர்வது சுமையாகிறது. சில நாட்களில் அச்சுமை வெறுப்பாகிறது. உண்டவுடன் ஒரு வரி எழுதிவிடுங்கள். நோட்டையும் பேனாவையும் தட்டு வைக்கும் இடத்திற்கு அருகிலேயே வையுங்கள். மாத்திரை உட்கொள்பவர்கள் மாத்திரைப் பெட்டியுடன் நோட்டை வைத்துக்கொண்டால் இரண்டும் மறக்காது.

2. மிக நுணுக்கமாக எழுத முற்படும்போது. ஒவ்வொரு கிராமையும் எடைபோட நினைப்பவர்கள் விரைவில் களைத்துவிடுகின்றனர். இணையவழி எடைக் குறைப்புத் திட்டம் ஒன்றில் பங்கேற்ற 142 பேரைப் பற்றி 2019ஆம் ஆண்டு வெளியான ஆய்வில், நல்ல பயன் பெற்றவர்கள் முதல் மாதத்தில் குறிப்பெழுத நாளொன்றுக்கு ஏறத்தாழ 23 நிமிடங்கள் செலவிட்டனர். ஆறாம் மாதத்தில் அது 15 நிமிடங்களாகக் குறைந்தது. ஒரு நாளில் எத்தனை முறை குறித்தனர் என்பதே எடைக் குறைவுடன் தொடர்புடையதாக இருந்தது. பழகப் பழக வேலை குறையும் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

3. திருமணம், பண்டிகை, பயணம் ஆகியவற்றின்போது. பந்தியில் அமர்ந்து அளவு குறிக்க இயலாது. அன்று "திருமண விருந்து, வயிறு நிறைய, இனிப்பு 2" என்று ஒரே வரி எழுதுங்கள். அதுவும் முழுமையான குறிப்பே.

4. எடை குறையாதபோது. உடலில் உள்ள நீர், உணவில் உள்ள உப்பு, மலச்சிக்கல், மாதவிடாய் ஆகியவற்றால் எடை ஓரிரு கிலோ ஏறி இறங்குவது இயல்பு. ஆகவே நாள்தோறும் எடை பார்த்து மனம் சோர வேண்டாம். வாரம் ஒரு முறை, ஒரே கிழமையில், காலையில் சிறுநீர் கழித்த பின் எடை பாருங்கள். வாரத்திற்கு அரைக் கிலோ குறைந்தால் அது நல்ல முன்னேற்றம்.

5. ஒரு நாள் அளவு மீறி உண்டுவிட்டபோது. குறிப்பேடு கைவிடப்படுவதற்கு இதுவே முதன்மையான காரணம். அந்தப் பக்கத்தைப் பார்க்கக் கூச்சமாக இருப்பதால், எழுதாமல் விடுகின்றனர்; ஒரு நாள் மூன்று நாளாகிறது; பிறகு ஏடே மறைந்துவிடுகிறது. எழுத மனம் வராத அந்த நாளைத்தான் அவசியம் எழுத வேண்டும். அன்று உறக்கம் குறைவா, காலை உணவைத் தவிர்த்தீர்களா, மன உளைச்சலா என்று ஒரு சொல் சேர்த்து எழுதினால், அடுத்த முறை அதனைத் தவிர்க்க வழி கிடைக்கும்.

நாட்கள் விடுபட்டுவிட்டால், பழையவற்றை நினைவிலிருந்து நிரப்ப வேண்டாம். "நான்கு நாட்கள் எழுதவில்லை" என்று எழுதிவிட்டு, அடுத்த வேளை உணவிலிருந்து தொடருங்கள். திங்கட்கிழமைக்கோ மாதப் பிறப்பிற்கோ காத்திருக்க வேண்டாம். தினமும் எழுத இயலவே இல்லையெனில், வாரத்தில் இரண்டு வேலை நாட்களும் ஒரு விடுமுறை நாளும் என்று மூன்று நாட்களை முன்கூட்டியே தேர்ந்துகொண்டு அவற்றில் முழுமையாக எழுதுங்கள்.

மருந்து உட்கொள்பவர்கள் கவனத்திற்கு

நீரிழிவு நோயாளர் ஒருவர், நன்றாக உண்ட நாட்களை விட்டுவிட்டு, குறைவாக உண்ட நாட்களை மட்டும் எழுதிக் காட்டுவதாகக் கொள்வோம். உணவு குறைவு, இரத்தச் சர்க்கரையோ அதிகம் என்ற நிலையைக் காணும் மருத்துவர், மருந்து போதவில்லை என்று முடிவு செய்து அளவைக் கூட்டக்கூடும். பின்னர் அந்நோயாளர் உண்மையாகவே குறைவாக உண்ணும் நாளில், கூட்டப்பட்ட மருந்தின் அளவால் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குக் குறைந்துவிடலாம். எனவே, அழகாக இருக்கும் பொய்யான குறிப்பைவிட, அடித்தல் திருத்தல்களுடன் கூடிய உண்மையான குறிப்பே மருத்துவருக்குத் தேவை. அதனைக் கண்டு உங்களைக் கடிந்துகொள்வது மருத்துவரின் பணியன்று.

இன்சுலின் அல்லது கிளிபென்கிளமைடு, கிளிமெபிரைடு, கிளிபிசைடு போன்ற மாத்திரைகளைப் பயன்படுத்துவோர், மருத்துவரிடம் கூறாமல் உணவைத் திடீரெனக் குறைக்கவோ வேளையைத் தவிர்க்கவோ கூடாது. மருந்தைத் தாமாகவே நிறுத்துவதும் கூடாது. கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, கடும் பசி, குழப்பம் ஆகியவை இரத்தச் சர்க்கரை குறைவதன் அறிகுறிகள். பரிசோதனையில் 70 மி.கி.க்குக் கீழ் இருந்தாலோ, பரிசோதிக்க வசதியின்றி அறிகுறிகள் மட்டும் இருந்தாலோ, மூன்று தேக்கரண்டி சர்க்கரை அல்லது குளுக்கோசைத் தண்ணீரில் கரைத்து உடனே பருக வேண்டும். 15 நிமிடங்களில் சீராகவில்லையெனில் மீண்டும் அதே அளவு பருகி, பின்னர் உணவு உண்ண வேண்டும். நினைவிழந்தவருக்கு வாய்வழியாக எதுவும் கொடுக்கக் கூடாது. உடனே 108 எண்ணை அழைக்கவும். இத்தகைய நிகழ்வுகளையும் நேரத்துடன் குறிப்பேட்டில் எழுதி, அடுத்த வருகையில் காட்டுங்கள்.

எடை குறையும்போது இரத்த அழுத்த மாத்திரையின் அளவையும் குறைக்க வேண்டி வரலாம். எழுந்து நிற்கும்போது தலைசுற்றல் ஏற்பட்டால் தெரிவியுங்கள்.

வீட்டிலுள்ளவர்களுக்கு

குறிப்பேட்டை எடுத்து வைத்துக்கொண்டு, "இதை ஏன் சாப்பிட்டாய்?" என்று விசாரிக்காதீர்கள். அவ்வாறு விசாரிக்கப்படும் வீட்டில், அடுத்த நாளிலிருந்து ஏட்டில் உண்மை இராது. மாறாக, சமைப்பவர் எண்ணெய், தேங்காய், சர்க்கரை ஆகியவற்றின் அளவைச் சொல்லி உதவலாம். முதியவர்களுக்கு நீங்களே எழுதிக் கொடுக்கலாம். ஒருவருக்கென்று தனியே சமைப்பதைவிட, வீட்டில் அனைவருக்கும் எண்ணெயையும் சர்க்கரையையும் குறைத்துச் சமைப்பது அவருக்குத் துணையாக இருக்கும்.

யார் எழுதத் தொடங்கக் கூடாது?

கருவுற்ற பெண்கள், பாலூட்டும் தாய்மார்கள், வளரும் குழந்தைகள், சிறுநீரக நோயாளர்கள் ஆகியோர் மருத்துவரின் அறிவுரையின்றி எடைக் குறைப்புக்காக உணவைக் குறைக்கக் கூடாது. உண்டதை எண்ணி ஓயாமல் அஞ்சுவது, உண்டபின் வலிந்து வாந்தி எடுப்பது, பட்டினி கிடப்பது ஆகிய பழக்கங்கள் இருப்பின், குறிப்பெழுதுவதை நிறுத்திவிட்டு மருத்துவரை அணுகுங்கள். மனநல ஆலோசனைக்கு 14416 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணை அழைக்கலாம்.

எவ்வளவு காலம் எழுத வேண்டும்?

முதல் மூன்று மாதங்கள் இயன்றவரை தினமும் எழுதுங்கள். எடை நிலைபெற்ற பின், மாதத்தில் ஒரு வாரம் எழுதினால் போதும். இரண்டு கிலோ மீண்டும் கூடினால், தினமும் எழுதுவதைத் தொடங்குங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தின் தொற்றா நோய்ப் பிரிவிற்குச் செல்லும் ஒவ்வொரு முறையும் மருந்துச் சீட்டுடன் குறிப்பேட்டையும் எடுத்துச் செல்லுங்கள். வீடு தேடி வரும் மகளிர் சுகாதாரத் தன்னார்வலரிடமும் அதனைக் காட்டலாம். விடுபட்ட பக்கங்கள் இருந்தாலும் தயங்காமல் கொண்டு செல்லுங்கள்.