இருபத்தேழு பாயிண்டும் ஒரு நப்பாசையும்

தர்மபுரி ஜில்லா கடத்தூரில் கிரிக்கெட்டைப் பற்றிப் பேசுவோர் அநேகர். கால்பந்தைப் பற்றிப் பேசுவோர் சிலரே. அந்தச் சிலருக்கு, லீக் பந்தயங்கள் முடியும் தறுவாயில், ஒரு வியாதி காண்பதுண்டு. காகிதமும் பென்ஸிலுமாக உட்கார்ந்து கணக்குப் போட ஆரம்பித்து விடுவார்கள். "பாக்கிப் பந்தயங்கள் யாவற்றிலும் நாம் ஜெயித்து, ஒடிஷா இரண்டில் தோற்று, பஞ்சாப் ஒன்றைச் சமன் செய்து விட்டால்..." என்று கணக்கு நீண்டுகொண்டே போகும். "நாம்" என்பது சென்னையின் எப். ஸி. கோஷ்டி. கடத்தூருக்கும் சென்னைக்கும் வெகு தூரம். அந்தக் கோஷ்டி ஆடுவதை நேரில் கண்டவர்கள் இங்கே அபூர்வம். ஆயினும் "நாம்" என்ற சொல்லில் தவறில்லை. 2014ஆம் ஆண்டில் தொடங்கிய இந்தியன் சூப்பர் லீகில், பதினொரு பருவங்கள் வரையில், தமிழ்நாட்டின் பெயரால் ஆடிய கோஷ்டி அது ஒன்றே.

இந்த நப்பாசை அர்த்தமற்றது என்று தள்ளிவிட முடியாது. 2015ஆம் ஆண்டில் நடந்ததை யார் மறக்கக் கூடும்? 10 பந்தயங்கள் முடிந்தபோது நம் கோஷ்டி பட்டியலின் அடிமட்டத்தில் கிடந்தது. மூன்று ஜெயம், ஒரு சமன், ஆறு தோல்வி. எஞ்சியவை நான்கே பந்தயங்கள். நான்கிலும் ஜெயித்து, மூன்றாம் ஸ்தானம் பெற்று அரை இறுதிக்குச் சென்றது. அதற்குள் சென்னை நகரம் வெள்ளத்தில் மூழ்கிவிட்டது. சொந்த மைதானத்தில் நடக்க வேண்டிய அரை இறுதிப் பந்தயத்தைப் புனாவுக்குக் கொண்டுபோய், அங்கே கல்கத்தாவை 3-0 என்று வென்றார்கள். டிசம்பர் 20ந் தேதி கோவாவில் இறுதிப் பந்தயம். ஆட்டம் முடியச் சில நிமிஷங்களே இருக்கையில் கோவா 2-1 என்று முந்திக்கொண்டது. பிறகு நடந்தவை கதையில் எழுதினால் நம்ப மாட்டார்கள். கோவாவின் கோல் காப்பாளரே பந்தைத் தம் வலைக்குள் தட்டிவிட்டார். அடுத்த சில கணங்களில் கொலம்பியா தேசத்து வீரர் மெண்டோசா மூன்றாவது கோலைப் போட்டார். அடிமட்டத்தில் கிடந்தவர்கள் கோப்பையோடு திரும்பினார்கள்.

2019-20 பருவத்திலும் ஏறக்குறைய இதே கதைதான். முதல் ஆறு பந்தயங்களில் ஒரே ஒரு ஜெயம். பயிற்சியாளர் கிரெகரி விலகி, ஸ்காட்லாந்துக்காரரான ஓவன் கோயில் வந்தார். கோஷ்டி எழுந்து, 29 பாயிண்டுடன் நான்காவதாக வந்து, இறுதிப் பந்தயம் வரை போயிற்று. கொரோனா காரணமாக ஜனங்களே இல்லாத மைதானத்தில் நடந்த அந்தப் பந்தயத்தில் கல்கத்தாவிடம் 1-3 என்று தோற்றது.

கடத்தூர்க் கணக்கர்களுக்கு இவ்விரண்டு வருஷங்களும் வேதவாக்கு. அவர்கள் சொல்லாமல் விடுவது 2018-19. முந்திய பருவத்தில் பெங்களூரை வென்று இரண்டாம் முறை கோப்பை வாங்கிய அதே கோஷ்டி, அந்தப் பருவத்தில் 18 பந்தயங்களில் 9 பாயிண்டு மட்டுமே பெற்றுக் கடைசி ஸ்தானத்தில் நின்றது.

நம்மைச் சிந்திக்க வைப்பது வேறொரு எண். 2021-22 வரையில் முதல் நான்கு கோஷ்டிகளே மேற்சுற்றுக்குப் போயின. 2022-23 முதல் அந்தத் தொகை ஆறாயிற்று. வாசல் அகலமாயிற்று என்று அபிமானிகள் மகிழ்ந்தார்கள். அந்தப் பருவத்தில் நம் கோஷ்டி பெற்றது 27 பாயிண்டு, ஸ்தானம் எட்டு. 2023-24ல் மறுபடியும் 27, ஸ்தானம் ஆறு. 22 பந்தயங்களில் 11 தோல்வி கண்டும் மேற்சுற்றுக்குப் போனார்கள். அங்கே முதல் பந்தயத்திலேயே கோவாவிடம் தோற்றார்கள். 2024-25ல் மறுபடியும் அதே 27. ஸ்தானம், பதின்மூன்று கோஷ்டிகளில் பதினொன்று. மூன்று வருஷமும் பாயிண்டு ஒன்றே; பந்தயங்களின் தொகை மட்டும் 20, 22, 24 என்று ஏறிற்று. ஒரு வருஷம் மேற்சுற்றுக்குப் போனதும், மற்ற இரண்டு வருஷங்கள் வெளியே நின்றதும் பெரும்பாலும் பிறர் ஆடிய விதத்தால் விளைந்தவை. 2015ல் கோஷ்டி தன் காலால் நான்கு பந்தயங்களை ஜெயித்தது. பின்னால் வந்த வருஷங்களிலோ அடுத்தவன் தோற்க வேண்டுமென்று வேண்டிக்கொள்ளும் நிலைமை நேர்ந்தது. கடத்தூர்க் காகிதத்தில் நம் பந்தயங்களைவிட ஒடிஷாவின் பந்தயங்கள் அதிகமாக இடம் பெற்றதற்குக் காரணம் இதுதான்.

"ஆறாவது வந்தாலென்ன, ஏழாவது வந்தாலென்ன? சோற்றுக்கு ஆகுமா?" என்று கேட்போர் உண்டு. சோற்றுக்கு ஆகாதுதான். ஆனால் தமிழனுக்கும் கால்பந்துக்கும் சம்பந்தமில்லை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ஒலிம்பிக் பந்தயங்களில் இந்தியா கடைசியாகப் போட்ட கோல், 1960ல் ரோமாபுரியில் பெரு தேசத்துக்கு எதிராக, தஞ்சை ஜில்லாவின் சைமன் சுந்தர்ராஜ் போட்டது. வியாசர்பாடியிலிருந்து வந்த தனபால் கணேஷ், 2018 அரை இறுதியில் சென்னையின் சார்பில் கோல் போட்டார். சென்னையில் பிறந்த நந்தகுமார் சேகரோ, 2023ல் டூரண்ட் கோப்பைப் பந்தயத்தில் ஈஸ்ட் பெங்காலுக்காக மோகன் பகானைத் தோற்கடித்த கோலைப் போட்டு வங்காளிகளின் செல்லப் பிள்ளையானார். நம் பிள்ளை அங்கே பெயரெடுத்ததில் நமக்குச் சந்தோஷமே. அவர் இங்கே ஆடாதது பற்றிச் சிறிது வருத்தமும் உண்டு. வடக்கு ஜில்லாக்களில் ஒரு பையன் பந்தை உதைக்க ஆசைப்படுவது, தன் நாட்டுக் கோஷ்டி பெரிய பந்தயம் ஆடுவதை டெலிவிஷனில் கண்டால்தான். அந்தப் பெரிய பந்தயம் மேற்சுற்றில் இருந்தது.

2025 மார்ச்சில் தன் கடைசி லீக் பந்தயத்தில் சென்னை, ஜாம்ஷெட்பூரை 5-2 என்று முறியடித்தது. நேர்த்தியான ஜெயம், ஆனால் அதற்குள் கணக்குப் போட ஒன்றும் மிச்சமில்லை. "அந்த ஐந்து கோல்களில் ஒன்றிரண்டை மார்கழி மாதத்துப் பந்தயங்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்திருக்கக் கூடாதா?" என்று கடத்தூர் நண்பர் ஒருவர் நம்மைக் கேட்டார். பென்ஸிலை மட்டும் அவர் இன்னும் கீழே வைக்கவில்லை.