மலைத் தண்ணீரும் நம்ம பிள்ளைகளின் படிப்பும்



நம்ம மலையில் பெய்யும் மழையை வைத்தே கரண்ட் எடுக்கலாம் என்று 1918இலேயே எடுத்துச் சொன்னவர் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர. 1950இல் லக்ஷபான மின்நிலையம் ஓடத் தொடங்கியது. 2012இல் தலவாக்கலையில் அணை கட்டி, மேல் கொத்மலையில் 150 மெகாவாட்டும் வந்தது.

இதில் நிலத்துக்கு என்ன வேலை? மலையில் கான் தூர்ந்து போனால் மழை மேல்மண்ணை அள்ளிக்கொண்டு போகும். அந்த மண் காசல்ரீ, மவுசாகலை மாதிரி டேமில் படிந்தால் தண்ணீர் தங்கும் இடம் குறையும்; கரண்டும் குறையும். பெக்டரியில் ஈர விறகு போட்டால், சூட்டில் ஒரு பகுதி விறகின் ஈரத்தைப் போக்கவே வீணாகும். கான் வெட்டினவருக்கும் விறகு போட்டவருக்கும் தெரிந்த இந்த விஷயத்தைக் கணக்கோடு படிப்பதுதான் நிலம், சக்தி முகாமைத்துவம்.

இதற்கு வழி என்ன?

உயர்தரத்தில் கணிதப் பிரிவு எடுத்தால் பேராதனை போன்ற பல்கலைக்கழகங்களில் பொறியியல் படிக்கலாம். உயிரியல் பிரிவு எடுத்தால் விவசாய பீடத்தில் மண்ணையும் நீரையும் பற்றிப் படிக்கலாம். 2013 முதல் தொழில்நுட்பப் பிரிவும் இருக்கிறது. உயர்தரம் சரிவரவில்லையா? மனம் தளர வேண்டாம். மின் வேலையில் தேசிய தொழில் தகைமை 4ஆம் மட்டம் எடுத்து, 5, 6இல் டிப்ளோமா, 7இல் பட்டம் என்று படிப்படியாக ஏறலாம்.

எல்லாவற்றுக்கும் அடிப்படை, சாதாரண தரத்தில் கணிதமும் விஞ்ஞானமும். "ஓ.எல். முடிச்சிட்டான், கொழும்புக் கடைக்கு அனுப்பிடலாம்" என்று நினைக்கும் முன், ஒரு தடவை பாடசாலை ஆசிரியரைப் போய்ப் பாருங்க. தண்ணீர் நம்ம மலையிலிருந்து இறங்குகிறது. அதை நடத்தும் கதிரையில் நம்ம பிள்ளையும் உட்காரட்டும்.