முன்வாசல் வழியாக!

தோழர்களே!

காலையில் நீங்கள் வேலைக்குப் புறப்படுகிறீர்கள். அதே நேரத்தில் உங்கள் வீட்டுச் சிறுமியும் பள்ளிக்குப் புறப்படுகிறாள். தலை பின்னி, ரிப்பன் கட்டி, பையைத் தோளிலே மாட்டிக்கொண்டு, "போய் வர்றேம்ப்பா" என்று சொல்லிவிட்டு ஓடுகிறாள். "ஓரமாகப் போம்மா, லாரி வரும், பஸ் வரும்" என்கிறீர்கள். உங்கள் அச்சம் அவ்வளவுதான். அவள் போகும் பாதையின் இருமருங்கிலும் வளர்ந்த ஆண்களும் பிள்ளை பெற்ற பெண்களும் வரிசை கட்டி நின்று, அந்தப் பிஞ்சு முகத்துக்கு நேராக வசைமாரி பொழிவார்கள், கல்லை வீசுவார்கள், குண்டும் வீசுவார்கள் என்று நீங்கள் கனவிலும் எண்ணமாட்டீர்கள்.

ஆனால் அப்படியும் நடந்தது. காட்டிலே அல்ல, நாட்டிலே! நாகரிகத்தின் தலைவாசல் நாங்களே என்று மார்தட்டிக்கொள்ளும் ஐரோப்பாவிலே! நூறாண்டுக்கு முன்பும் அல்ல, 2001ஆம் ஆண்டிலே!

ஊர், வட அயர்லாந்தின் தலைநகர் பெல்பாஸ்ட். பகுதி, ஆர்டாய்ன். பள்ளி, புனித சிலுவைப் பெண்கள் ஆரம்பப் பள்ளி. கத்தோலிக்கப் பள்ளி அது. 4 வயது முதல் 11 வயது வரை உள்ள சிறுமிகள் 200 பேருக்கு மேல் அங்கே படித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் செய்த குற்றம் என்ன? திருடினார்களா? தீ வைத்தார்களா? ஒன்றுமில்லை. அவர்கள் வீடுகள் கத்தோலிக்கர் வாழும் தெருக்களிலே இருந்தன. அவர்கள் பள்ளியோ பிராட்டஸ்டண்டுகள் வாழும் கிளென்பிரின் பகுதிச் சாலையிலே இருந்தது. வீட்டுக்கும் பள்ளிக்கும் இடையே சில நூறு அடி தூரம். அந்தச் சில நூறு அடிதான் அவர்கள் செய்த குற்றம்!

இருவருமே கிறிஸ்தவர்கள்தானே என்று கேட்பீர்கள். ஆம், தோழர்களே. வணங்கும் ஏசு ஒருவர்தான். படிக்கும் வேதமும் ஏறக்குறைய ஒன்றுதான். பேசும் மொழியும் ஒன்று, தோலின் நிறமும் ஒன்று, தட்டிலே விழும் உருளைக்கிழங்கும் ஒன்று. ஆயினும் ஒருவன் அயர்லாந்தோடு இணைய வேண்டும் என்கிறான். மற்றவன் பிரிட்டனோடு இருக்க வேண்டும் என்கிறான். 1921இல் நாடு பிரிக்கப்பட்டது முதல் புகைந்த நெருப்பு, 1969இல் கொழுந்துவிட்டு எரிந்தது. அடுத்த 30 ஆண்டுகளில் 3,500 பேருக்கு மேல் மாண்டனர். 1998 ஏப்ரல் 10ஆம் நாள், பெரிய வெள்ளியன்று, சமாதான ஒப்பந்தம் கண்டார்கள். தலைவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். ஆனால் தெரு இன்னும் கையெழுத்துப் போடவில்லை!

2001 ஜூன் 19ஆம் நாள். தெருவிலே கொடி கட்டும் வேலை நடந்துகொண்டிருந்தது. அந்த நேரத்திலே தகராறு மூண்டது. முதலில் கை ஓங்கியது யார் என்பதற்கு இரு தரப்பும் இரண்டு கதை சொல்கின்றன. கொடிக் கம்பத் தகராறு எப்படித் தொடங்கும், எப்படி வளரும் என்று உங்களுக்கு நான் சொல்லியா தெரிய வேண்டும்? ஆனால் அந்தத் தகராறு கொடிக் கம்பத்தோடு நிற்கவில்லை. பள்ளிக்குப் போகும் சாலையே மூடப்பட்டது. "பிள்ளைகள் இந்த வழியே போகக் கூடாது" என்றது எதிர்த் தரப்பு. கோடை விடுமுறை வந்தது. ஆத்திரம் ஆறும் என்று பார்த்தார்கள். ஆறவில்லை.

செப்டம்பர் 3ஆம் நாள் பள்ளி திறந்தது. கலவரத் தடுப்பு உடையணிந்த போலீசாரும் பிரிட்டிஷ் படையினரும் கவச வண்டிகளை நிறுத்தி, நடுவிலே ஒரு சந்து உண்டாக்கினார்கள். அந்தச் சந்திலே தாயின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள் சிறுமிகள். அன்றுதான் முதன்முதலாகப் பள்ளிக்கு வரும் 4 வயதுக் குழந்தைகளும் அவர்களிலே உண்டு. புதுச் சட்டை, புதுப் பை, புதுக் காலணி. காதிலே விழுந்ததோ பழைய பகை! இரண்டு நாள் கழித்து, செப்டம்பர் 5ஆம் நாள், கூட்டத்திலிருந்து குண்டு ஒன்று பறந்து வந்து வெடித்தது. போலீசார் காயமுற்றார்கள். குழந்தைகளோ அலறிக்கொண்டு ஓடினார்கள். அந்த அலறலை உலகமே தொலைக்காட்சியில் கேட்டது.

நாள்தோறும் நடந்தது இது. செப்டம்பர் கழிந்தது, அக்டோபர் கழிந்தது, நவம்பர் 23ஆம் நாள்தான் அது நிறுத்தப்பட்டது. ஏறக்குறைய 12 வாரம்! இதற்கிடையே செப்டம்பர் 11ஆம் நாள் நியூயார்க்கிலே கோபுரங்கள் சாய்ந்தன; உலகத்தின் கண் அந்தப் பக்கம் திரும்பிற்று. காமிராக்கள் போய்விட்டன. குழந்தைகள் மட்டும் மறுநாளும் அதே சாலையிலே நடந்தார்கள்.

இங்கேதான் ஒரு கேள்வி எழுகிறது. அன்றே எழுந்தது. அறிவாளிகள் கேட்டார்கள், ஆட்சியாளர் கேட்டார்கள்: "பின்பக்கமாக ஒரு வழி இருக்கிறதே! வேறொரு பள்ளியின் மைதானத்தைக் கடந்து போனால் பின்வாசலிலே நுழையலாமே! பெற்ற பிள்ளைகளை இப்படிக் கல்லடிக்கும் சொல்லடிக்கும் நடுவே இழுத்துப் போவானேன்?"

இந்தக் கேள்வியைத் தட்டிவிடாதீர்கள், தோழர்களே. இதைக் கேட்டவர்கள் அனைவரும் கெட்டவர்கள் அல்லர். பின்வழியே பிள்ளையை அழைத்துப் போன தாய்மாரும் உண்டு. அவர்களைக் கோழை என்று எவனாவது சொன்னால், அவன் பெற்று வளர்த்தவன் அல்லன். பிள்ளை இரவிலே திடுக்கிட்டு எழுந்து அலறுகிறது, படுக்கையை நனைக்கிறது, காலையிலே காலணியை மாட்டிக்கொள்ள மறுத்து அழுகிறது. அந்தத் தாய் என்ன செய்வாள்?

ஆனால் முன்வாசல் வழியே நடந்த தாய்மாரின் பதிலையும் கேளுங்கள். "இன்று பின்வாசல் என்பீர்கள், போகிறோம். நாளைக்கு அந்தப் பின்வாசலும் கூடாது என்பீர்கள். அப்போது எங்கே போவோம்? எங்கள் பள்ளிக்கு ஒரு வாசல் இருக்கிறது. அது சாலையைப் பார்த்து இருக்கிறது. சாலை அனைவருக்கும் பொது. அந்த வாசலிலே நுழைய எங்கள் மகளுக்கு உரிமை இல்லையென்றால், உள்ளே அவள் படிக்கும் படிப்பு எதற்கு?" அவர்கள் வாதத்தின் சாரம் இது.

1960 நவம்பரிலே, அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரிலே, ரூபி பிரிட்ஜஸ் என்ற 6 வயதுக் கறுப்பினச் சிறுமி, வெள்ளையர் மட்டுமே படித்த பள்ளிக்கு அரசாங்கக் காவலர் சூழ நடந்து போனாள். வழியெல்லாம் வசை. அவளும் முன்வாசல் வழியாகத்தான் போனாள். அவளைப் பின்வாசலிலே அனுப்பியிருந்தால், அந்த வாசல் இன்னும் எத்தனை ஆண்டு பூட்டிக் கிடந்திருக்கும்?

சரி, பள்ளிக்குள்ளே என்ன நடந்தது? பரபரப்பைத் தேடும் பத்திரிகைகள் வாசலோடு நின்றுவிட்டன. எனக்கோ, உள்ளே நடந்ததுதான் பெரிய வீரம் என்று தோன்றுகிறது. மணி அடித்தது. வருகைப் பதிவு எடுத்தார்கள். நடுங்கும் பிள்ளையை மடியிலே வைத்து ஆற்றினார்கள். பிறகு வாய்ப்பாடு, பிறகு எழுத்து, பிறகு பாட்டு. 7ஆம் வகுப்புப் பெண்களுக்கு அந்நாளிலே மேற்பள்ளிக்குப் போவதற்கான தேர்வு உண்டு. வாழ்க்கைப் பாதையையே வகுக்கும் தேர்வு. அதற்கும் படித்தார்கள், அந்த இரைச்சலுக்கு நடுவே! கரும்பலகையை ஒருநாளும் கலவரத்துக்கு விட்டுக்கொடுக்காத ஆசிரியைகளைப் பாராட்ட எந்தப் பட்டயத்தைத் தருவது? பள்ளி நிர்வாகக் குழுத் தலைவராக இருந்த பாதிரியார் எய்டன் டிராய், பிள்ளைகளோடு பிள்ளையாக அந்தச் சாலையிலே நடந்தார். உபதேசம் செய்துவிட்டுக் கோயிலுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளவில்லை.

இன்னொரு செய்தி சொல்கிறேன். அந்தப் பள்ளிக்கு நேர் எதிரே இன்னொரு ஆரம்பப் பள்ளி உண்டு. வீட்பீல்டு ஆரம்பப் பள்ளி. அது பிராட்டஸ்டண்டுப் பிள்ளைகள் படிக்கும் பள்ளி. ஒரே சாலை, எதிரும் புதிருமாக இரண்டு வாசல். அந்த வாசலிலே நுழைந்த பிள்ளைகளும் அதே குண்டுச் சத்தத்தைத்தான் கேட்டார்கள். கவச வண்டிக்கு நடுவேதான் அவர்களும் பாடம் படித்தார்கள். அவர்கள் கண்ணீரை எந்தக் காமிரா படம் பிடித்தது?

எதிர்த் தரப்பின் கதையையும் கேட்டாக வேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் கேட்டுத் தீர்ப்புச் சொல்பவன் நீதிபதி அல்லன். கிளென்பிரின் மக்கள் மாளிகைவாசிகளா? இல்லை, அவர்களும் ஏழைகளே. 1971 ஆகஸ்டுக் கலவரத்திலே ஆர்டாய்னின் சில தெருக்களிலிருந்து பிராட்டஸ்டண்டுக் குடும்பங்கள் வீடுகளை விட்டு ஓடின, வீடுகள் தீக்கிரையாயின. அந்த வடு ஆறவில்லை. அவர்கள் பகுதியிலே குடும்பங்கள் குறைந்தன. பக்கத்துப் பகுதியிலே கத்தோலிக்கக் குடும்பங்கள் பெருகின. "எங்களைத் தள்ளிவிட்டு இங்கேயும் வந்துவிடுவார்களோ" என்ற அச்சம். கப்பல் கட்டும் தளம் கதி கலங்கிற்று; லினன் ஆலைகள் மூடிக் கிடந்தன; தகப்பனுக்கு இருந்த வேலை மகனுக்கு இல்லை. சமாதானம் வந்ததே, எங்களுக்கு என்ன வந்தது என்று கேட்டார்கள்.

கேள்வி நியாயமானது. ஆனால் அந்தக் கேள்வியை யாரிடம் கேட்டார்கள்? ஆலையை மூடியவனிடமா? வீடு கட்டித் தராத அரசாங்கத்திடமா? இல்லை! 4 வயதுக் குழந்தையிடம் கேட்டார்கள். கல்லால் கேட்டார்கள். குறை உண்மை, குறி பிழை! கோட்டைக்கு முன்னே நின்று முழங்க வேண்டியவன் குழந்தைக்கு முன்னே நின்று முழங்கினால், கோட்டையிலே இருப்பவனுக்கு அதைவிட நிம்மதி வேறென்ன?

அதே பெல்பாஸ்ட் வேறொரு காட்சியையும் கண்டிருக்கிறது. 1932 அக்டோபர். வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்தாடிய காலம். பிச்சைக்காசு போன்ற உதவித் தொகையை உயர்த்தக் கோரி, கத்தோலிக்கத் தொழிலாளியும் பிராட்டஸ்டண்டுத் தொழிலாளியும் தோளோடு தோள் சேர்ந்து தெருவுக்கு வந்தார்கள். போலீசின் துப்பாக்கி முழங்கிற்று. மாண்ட இருவரில் ஒருவர் கத்தோலிக்கர், ஒருவர் பிராட்டஸ்டண்டு. குண்டு மதம் பார்க்கவில்லை. பசியும் மதம் பார்க்கவில்லை. உதவித் தொகை உயர்ந்தது! பிரிந்து நின்ற காலத்திலே இப்படியொரு வெற்றி ஏழைக்கு எப்போது கிடைத்தது?

2001 நவம்பரிலே போராட்டம் நின்றதும், சாலையைச் சீரமைப்பது, வேகத்தடை போடுவது, காவல் காமிரா வைப்பது, வீடுகளைப் புதுப்பிப்பது என்றெல்லாம் உறுதிமொழிகள் வந்தன. பேசித் தீர்க்கக்கூடிய குறைகள்தாம்! ஜூன் மாதமே பேசியிருந்தால், அந்த 12 வாரம் வந்தே இருக்காதே!

நெருப்பு அதோடு அணையவில்லை. 2002 ஜனவரியிலே மீண்டும் கலவரம். கத்தோலிக்க ஆசிரியர்களையும் தபால் ஊழியர்களையும் கொல்வோம் என்று ஓர் ஆயுதக் கும்பலின் பெயரால் மிரட்டல் வந்தது. ஜனவரி 12ஆம் நாள் அதிகாலையிலே, வேலைக்கு வந்த 20 வயதுத் தபால்கார இளைஞன் ஒருவன் சுட்டுக் கொல்லப்பட்டான். கடிதம் கொண்டு போகும் கைக்கு என்ன மதம், தோழர்களே?

அப்போதுதான் எழுந்தது தொழிலாளி வர்க்கம்! தபால் ஊழியர்கள், கத்தோலிக்கர் பிராட்டஸ்டண்டு என்ற வேறுபாடு இல்லாமல், வேலையை நிறுத்தினார்கள். தொழிற்சங்கங்களின் அறைகூவலை ஏற்று, ஜனவரி 18ஆம் நாள் பெல்பாஸ்ட் நகர மண்டபத்தின் முன்னே பல்லாயிரவர் திரண்டார்கள். வேறு நகரங்களிலும் திரண்டார்கள். மிரட்டியவர்கள் அதற்கு முன்பே பின்வாங்கத் தொடங்கியிருந்தார்கள். கவச வண்டி 12 வாரம் நின்றும் தர முடியாத தைரியத்தை, கைகோத்து நின்ற தொழிலாளி ஒரே நாளில் தந்தான்!

பிறகு வழக்கு நடந்தது. ஒரு தாய், போலீசார் எங்களைப் போதுமான அளவு காக்கவில்லை என்று நீதிமன்றம் ஏறினார். 2008இல் பிரிட்டனின் பிரபுக்கள் சபை அவர் வழக்கைத் தள்ளிற்று. குழந்தைகள் பட்டது கொடுமைதான். ஆனால் அந்தச் சூழ்நிலையிலே போலீசார் செய்தது நியாயமானதே என்றது. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் 2010இல் அவர் முறையீட்டை ஏற்கவில்லை. சட்டம் தன் கணக்கை முடித்துக்கொண்டது. ஆனால் அந்தத் தாயின் கணக்கு முடிந்ததா?

ஆண்டுகள் உருண்டன. 2016இலே, ஆர்டாயினை ஒட்டிய கிரம்லின் சாலையிலே, இரு சாராருக்கும் நடுவே நின்ற பிரிவினைச் சுவர் ஒன்று இடித்துத் தள்ளப்பட்டது. சுவர் கட்டுவதற்கு ஒரு இரவு போதும். இடிப்பதற்கோ ஒரு தலைமுறை வேண்டியிருக்கிறது. அன்று 4 வயதுக் குழந்தையாக அந்தச் சந்திலே நடந்தவள், இன்று தன் பிள்ளையின் கைபிடித்துப் பள்ளிக்கு அழைத்துப் போகும் வயதை எட்டியிருக்கிறாள்.

தோழர்களே! மாறுதல் வரும்போது ஏழைக்கு அச்சம் வருவது இயல்பு. பக்கத்துத் தெரு மாறுகிறது, ஆலை மூடுகிறது, புது முகங்கள் வருகின்றன. அந்த நேரத்திலே ஒருவன் வந்து நம் காதருகே குனிந்து, "உன் துன்பத்துக்குக் காரணம் அதோ அந்தத் தெருக்காரன்" என்பான். அப்போது அவனை ஒன்றே ஒன்று கேளுங்கள்: "அந்தத் தெருக்காரனின் அடுப்பு எரிகிறதா?" எரியவில்லை என்றால், அவன் உங்கள் பகைவன் அல்லன், உங்கள் பங்காளி.

நாளைக் காலை உங்கள் மகள் "போய் வர்றேம்ப்பா" என்று சொல்லும்போது, ஒரு நிமிடம் நின்று அவள் போவதைப் பாருங்கள். அவள் முன்வாசல் வழியாக நிமிர்ந்து போகிறாள். அதே வாசலிலே எவர் வீட்டுப் பிள்ளையும் அப்படியே நிமிர்ந்து போக வேண்டும். அதற்குக் காவல் கவச வண்டியன்று, நீங்கள்தான்!